மான்டூவுக்கு ஏன் இரண்டு நாள்?

அக்கா மகளுக்குக் கழுத்தில் நெறிகட்டி, வாரக்கணக்காகியும் வடியவில்லை. டாக்டர் காசநோய்க்கான மான்டூ டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். லேபில் முன்கையின் உட்புறம், தோலுக்குள் காசநோய்க் கிருமியின் புரதம் கொண்ட 0.1 மில்லி மருந்தை ஏற்றி, சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, "சொறியக் கூடாது பாப்பா, ரெண்டு நாள் கழிச்சு வா" என்று அனுப்பிவிட்டார்கள். விரலில் குத்திய மறுநொடி சர்க்கரை அளவைச் சொல்லிவிடுகிற காலத்தில் இது என்ன கூத்து என்று அக்காவுக்கு எரிச்சல். எனக்கோ அந்த இரண்டு நாளில்தான் சுவாரசியம்.

அலர்ஜிக்காகத் தோலில் குத்திப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தடித்துவிடும். அங்கே வேலை செய்கிற ஆன்டிபாடி முன்கூட்டியே தோலில் காத்திருக்கிறது. மான்டூவில் டி செல்கள் என்ற வெள்ளணுக்களே நேரில் வந்து சேர வேண்டும். 1945-இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் நிலையத்தில் மெரில் சேஸ் இதைக் காட்டினார். காசநோய்க் கிருமிக்குப் பழகிய கினிப் பன்றியின் ஆன்டிபாடி இருக்கும் சீரத்தை ஏற்றினால் வராத தடிப்பு, அதன் வெள்ளணுக்களை ஏற்றினால் இன்னொரு கினிப் பன்றிக்கு வந்தது.

வந்த டி செல்லுக்கும் கிருமியை நேராகப் பார்க்கத் தெரியாது. வேறொரு செல் கிருமியின் புரதத்தை விழுங்கி, நறுக்கி, ஒரு சிறு துண்டை எச்.எல்.ஏ. என்ற தன் மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து வெளியே காட்ட வேண்டும். துண்டையும் அதைத் தாங்கும் மூலக்கூறையும் சேர்த்தேதான் டி செல் படிக்கும். 1974-இல் கான்பெராவில் பீட்டர் டோஹர்டியும் ரோல்ஃப் ஸிங்கர்நாகலும் சுண்டெலிகளை வைத்து இதைக் கண்டார்கள். வைரஸ் தொற்றிய எலியின் டி செல்கள், அதே இனத்து எலியின் நோயுற்ற செல்களைக் கொன்றன. வேற்றின எலியின் செல்லில் அதே வைரஸ் இருந்தும் தொடாமல் விட்டன. 1996-இல் நோபல் பரிசு வந்தது. கேட்க ஏதோ குறைபாடு போல இருக்கும். ஆனால் காசநோய்க் கிருமி குடியிருப்பதே நம் செல்லுக்குள். ஆன்டிபாடி அங்கே நுழைய முடியாது. உள்ளே இருப்பதை அந்த வீட்டுச் செல்லே வாசலில் எடுத்து வைத்தால்தான் உண்டு.

இதெல்லாம் முதன்முதலில் நடக்கும் இடம் நெறிகட்டும் இடமேதான். ஒரு குறிப்பிட்ட துண்டைப் படிக்கக்கூடிய டி செல் லட்சத்தில் ஒன்று, சிலசமயம் அதைவிடவும் அரிது. அது உடம்பு முழுக்க அலைந்து தேடினால் ஆயுசு போதாது. அதனால் துண்டைக் காட்டும் வேலை செய்கிற டென்ட்ரிடிக் செல்கள் அதைச் சுமந்து நிணநீர் வழியாக அருகிலுள்ள முடிச்சுக்கு வருகின்றன. டி செல்களும் முடிச்சு முடிச்சாக வந்து பார்த்துவிட்டுப் போகின்றன. பொருந்திய ஒன்று அங்கேயே தங்கிப் பெருகுகிறது, முடிச்சு வீங்குகிறது. காலில் முள் குத்திப் புரையோடினால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது இந்தச் சந்திப்பால்தான்.

பொருந்தினால் மட்டும் போதாது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. எச்.எல்.ஏ. நம் சொந்தப் புரதத் துண்டுகளையும் இதே மாதிரி காட்டிக்கொண்டே இருக்கிறது. எனவே துண்டைக் காட்டுகிற செல், கிருமியின் வாடையை உணர்ந்தபோது மட்டும் தூக்கிப் பிடிக்கும் பி7 என்ற மூலக்கூறும் வேண்டும். அதை டி செல்லின் சி.டி.28 பற்ற வேண்டும். முன்பெல்லாம் நகல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கெசட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து இல்லாமல் செல்லாதே, அந்தக் கதைதான். கையெழுத்து இல்லாத டி செல் மரத்துப்போய் ஒதுங்கிவிடும்.

துண்டே இல்லாமல் கையெழுத்தை மட்டும் பலமாகப் போட்டால் என்ன ஆகும்? 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் தெரிந்தது. சி.டி.28-ஐ நேரடியாக முடுக்கும் டி.ஜி.என். 1412 என்ற மருந்து, திடகாத்திரமான ஆறு பேருக்கு ஏற்றப்பட்டது. விலங்குகளில் தீங்கில்லை என்று கண்ட அளவில் 500-இல் ஒரு பங்கு. இரண்டு மணி நேரத்துக்குள் காய்ச்சல், தாங்க முடியாத வலி. பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து ஆறு பேரும் தீவிர சிகிச்சையில். யாரும் சாகவில்லை என்பது நல்லூழ். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் காத்திருப்பதை நான் குறை சொல்வதில்லை.

கிருமியை ஏற்கெனவே சந்தித்த உடம்பில் நினைவு டி செல்கள் இருக்கும். அவற்றில் சில மான்டூ மருந்து போட்ட இடத்துக்கு வந்து, துண்டைப் படித்து, இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து மற்ற செல்களை அழைக்கின்றன. அந்தக் கூட்டம்தான் தடிப்பு; அது சேரத்தான் இரண்டு நாள். சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை; விரலால் தடவி, கெட்டியாக இருக்கும் பகுதியை மட்டும் ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ். சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. ஊசியும் தடிப்பைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். (அக்கா மகளுக்கு வந்தது வெறும் சிவப்பு. நெறியும் பிறகு தானாக வடிந்துவிட்டது.)

தடிப்பே இல்லை என்றால் நிம்மதி என்றும் சொல்வதற்கில்லை. எச்.ஐ.வி. அழிப்பதே சி.டி.4 வகை டி செல்களைத்தான். நுரையீரல் முழுக்கக் காசநோய் இருந்தும் அந்த நோயாளியின் கை வழவழவென்று இருக்கலாம், கூட்டம் சேர ஆளில்லாததால். அதனால் அவர்களுக்கு 5 மி.மீ. தடிப்பையே பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.