பெயர் தெரியாமல் கேட்டபோது

எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஒரு பழைய மேசை இருக்கிறது. அதன்மேல் பற்றாசுக்கோல், மல்ரிமீற்றர், சிறு திருகாணிகள் நிறைந்த போத்தல். அது என் கணவரின் மேசை. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி நாங்கள் செய்தி கேட்ட றேடியோக்களை அவர் அதில் வைத்துத்தான் திருத்தினார். 2009இல் அவரை இழந்த பின் அது என் மேசையாயிற்று. எனக்கும் மகளுக்கும் இன்று சோறு போடுவதும் அதுதான்.

ஒருநாள் அயலூர் அம்மா ஒருவர் சேலைத் தலைப்பில் ஒரு கசெற்றைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“மோன்ர குரல், பிள்ளை. பள்ளிக்கூடத்தில பேசினது. இரைச்சலுக்குள்ள மூடுண்டு போச்சு. ஒருக்காத் துலக்கித் தா.”

2005இல் பதிந்த பேச்சு. மகன் 2009இல் காணாமற் போனவர். என்னால் மறுக்க முடியவில்லை.

என் அம்பிளிபயரில் 4558 என்ற எட்டுக்கால் ஐ.சி. இருந்தது. சின்னஞ்சிறு மின்னலையைப் பெருக்கிக் கொடுப்பது அதன் வேலை. மகளின் பௌதிகவியல் புத்தகத்தில் அதற்குச் செயற்பாட்டு விரியலாக்கி என்று பெயர். 1968இல் வெளிவந்த 741 என்ற சிப்பின் இனந்தான் இதுவும்.

“4558 மந்தம் அக்கா. TL என்ற இனத்து 072 கூர்மை. 5532 போட்டால் கண்ணாடி மாதிரிக் கேட்கும்” என்றார் கடைக்காரத் தம்பி. இரண்டையும் வாங்கினேன். ஒருநாள் உழைப்புப் போயிற்று.

மூன்றுக்கும் கால்களின் ஒழுங்கு ஒன்றே. ஆகவே பலகையில் ஒரு ஐ.சி. தாங்கியைப் பற்றவைத்தேன். மின்னை நிறுத்தி நிறுத்தி மாற்றிக் கேட்டேன். 5532 தெளிவாகவே கேட்டது. எனக்குப் பெரிய சந்தோசம்.

மகள் நம்பவில்லை. “எது எண்டு தெரிஞ்சுகொண்டெல்லோ அம்மா கேக்கிறியள்!”

சத்தத் திருகியை ஓரிடத்தில் வைத்துக் கோடு போட்டாள். நான் திரும்பியிருக்க, அவள் மாற்றி மாற்றிப் போட்டுக் கொப்பியில் எழுதினாள். பத்து முறையில் நாலு முறைதான் சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிச் சொன்னாலும் அவ்வளவு வந்திருக்கும். முன்னர் 5532 போட்டபோதெல்லாம் என் கை சத்தத்தைச் சற்றுக் கூட்டியிருக்கிறது. சற்றுக் கூடிய சத்தம் தெளிவான சத்தம் போலத்தான் காதுக்குப் படும்.

மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். அலையை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதைப் பக்கத்திலுள்ள தடைகளே தீர்மானிக்கின்றன. வேகத்தைப் பார்த்தால், ஒரு மைக்ரோ செக்கனில் 4558 சுமார் 1 வோல்ற்றும், 5532 சுமார் 9 வோல்ற்றும், 072 சுமார் 13 வோல்ற்றும் ஏறும். மனிதக் காதின் எல்லையான 20,000 ஹேட்ஸில், எங்கள் சுற்றில் வரும் 2 வோல்ற்று அலைக்குக் கால் வோல்ற்று வேகமே போதும். 5532இன் சொந்த இரைச்சல் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் கசெற் நாடாவின் இரைச்சல் இவை எல்லாவற்றையும் விட மிக அதிகம்.

அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது என்று வெட்கமாக இருந்தது. பிறகுதான் கசெற் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாடா உரசும் தலையில் மண்ணிறத் தூள் அப்பிக் கிடந்தது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். தலையின் சரிவைத் திருத்தும் சின்னத் திருகாணியை, குரலைக் கேட்டுக்கேட்டு மெல்லத் திருப்பினேன். ஓரிடத்தில் ‘ச’வும் ‘ஸ’வும் பளிச்சென்று எழுந்தன. போர்வையை விலக்கியது போல ஒரு பையனின் குரல் வந்தது.

அம்மா வந்து கேட்டார். மெல்லிய இரைச்சல் நாடாவிலேயே இருக்கிறது, அதை எடுக்க முடியாது என்று உண்மையைச் சொன்னேன்.

“அது கிடக்கட்டும் பிள்ளை. அவன் வணக்கம் சொல்லுறது கேக்குது. எனக்கு அது காணும்.”

மகள் குரலைத் தொலைபேசியில் பதிந்து கொடுத்தாள். தவறுதலாக வேறெதுவும் மேலே பதியாதபடி கசெற்றின் முதுகிலிருந்த சிறு தகட்டை நான் உடைத்துவிட்டேன்.

சகோதரிகளே, கைத்தொழில் செய்கிற நாங்கள் விலை கூடியதுதான் நல்லது என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். பெயரை மறைத்து, சத்தத்தை ஒன்றாக வைத்து, ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால் தூசைத் துடையுங்கள். என் பலகையில் இன்றும் அந்தப் பழைய 4558தான் இருக்கிறது.