லைட்டாகச் சமைத்தல்

பூச்சோங்கில் வீடு தேடியபோது ஏஜெண்டுகள் முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல, இனத்தை. ‘இந்தியன்’ என்று பதில் போட்டால் வாட்சாப்பில் இரண்டு நீல டிக். அதோடு சரி.

ஏழாவது வீடு கிடைத்தது. இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்பணம், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம். கூடவே வாய்மொழியாக ஒரு நிபந்தனை: “லைட்டா சமைங்க.”

ஓராண்டாக லைட்டாகத்தான் வாழ்ந்தேன். தாளிக்கும்போது ஜன்னலைச் சாத்தினேன். நண்பர்களை அழைக்கவில்லை. யாரும் புகார் சொல்லவில்லை, நானே முந்திக்கொண்டேன்.

போன மாதம் அம்மா வந்தார். இந்தப் பக்கமெல்லாம் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் லயத்தில் வளர்ந்தவர். எல்.ஆர்.டி.யில் வரும்போது வெளியே பார்த்து, “இங்கெல்லாம் பால்மரம்டா” என்றார்.

மறுநாள் மீன் பொரித்தார். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

“ஏன்டா சாத்துற? புகை எங்க போவும்?”

சொல்ல வெட்கமாக இருந்தது. லயத்து வீடும் எங்களுடையதல்ல, தோட்டத்துடையது. ஆனால் அங்கே யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமைத்ததில்லை.

அம்மாவே ஜன்னலைத் திறந்தார். பக்கத்து வீட்டில் யாரோ பெலாச்சான் வறுக்கும் வாடை குப்பென்று உள்ளே வந்தது.