ஆட்ட அட்டவணையும் அளித்த வாக்கும்

தமிழ்த்துறை மலரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நாம் எழுதப் புகுந்தது ஆட்டத்தைப் பற்றியன்று. ஆட்டத்திற்கு நாள் குறிப்பதைப் பற்றி. இன்ன ஆண்டில், இன்ன நாளில் உம் ஊருக்கு எம் பிள்ளைகள் வருவார்கள் என்று நாள் குறிப்பது வாக்குக் கொடுப்பதேயன்றோ? அந்நாட்டில் இவ்வாக்கு, சிலபோது பத்தாண்டுகளுக்கு முன்னரே கொடுக்கப்பட்டுவிடுகிறது.

அங்குள்ள கல்லூரிகள் விளையாட்டின்பொருட்டு ‘கான்பரன்ஸ்’ என்னும் பெயரில் அணி சேர்ந்துள்ளன. அகராதியைப் பார்த்து இதனை ‘மாநாடு’ என்று பெயர்த்தால் மேடையும் மாலையும் வரவேற்புரையுமே நம் கண்முன் நிற்கும். கூட்டமைப்பு என்பதே பொருந்தும். அமெரிக்கக் கால்பந்தில் (காலைவிடக் கைக்கே அதில் வேலை மிகுதி) ஓர் அணிக்குப் பருவத்திற்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். எட்டோ ஒன்பதோ தன் கூட்டமைப்புக்குள் நிகழும். எஞ்சியவற்றுக்கு வெளியே எதிரணி தேட வேண்டும். அத்தொல்லையைக் குறைக்கவும், சிறந்த ஆட்டங்களைக் காட்டித் தொலைக்காட்சி வருவாயைப் பெருக்கவும் கூட்டமைப்புகள் தமக்குள் செய்துகொள்வதே அட்டவணை உடன்பாடு.

இவற்றுள் நெடுநாள் நின்றவையும் உண்டு. அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பும் ‘பிக் டென்’ கூட்டமைப்பும் கூடைப்பந்தில் 1999 முதல் 2022 வரை ஆண்டுதோறும் மோதி மகிழ்ந்தன. தொலைக்காட்சி நிறுவனம் மாறியது, அதுவும் முடிந்தது. 2011 டிசம்பரில் பிக் டென்னும், மேற்குக் கரையின் ‘பாக்-12’ கூட்டமைப்பும் கைகோத்து, 2017 முதல் ஆண்டுக்குப் பன்னிரண்டு கால்பந்து ஆட்டங்கள் ஆடுவோம் என அறிவித்தன. எட்டுத் திங்கள்கூடச் செல்லவில்லை. ஒன்பது உள்ளாட்டங்களே எமக்குப் பெருஞ்சுமை என்று பாக்-12 உறுப்பினர் சிலர் தயங்க, 2012 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. ஓர் ஆட்டமும் ஆடாமலே முறிந்த அவ்வுறவில் எவர்க்கும் பெரிய இழப்பில்லை.

பின்னர் நேர்ந்ததே நம் மனத்தைத் தைத்தது. 2021 ஆகஸ்ட் 24 அன்று அட்லாண்டிக் கரை, பிக் டென், பாக்-12 ஆகிய மூன்றும், 41 கல்லூரிகளின் பெயரால், கூட்டணி ஒன்றை அறிவித்தன. தமக்குள் ஆட்டங்களைப் பெருக்குவதும், கல்லூரி விளையாட்டின் வருங்காலத்தைச் சேர்ந்து காப்பதும் நோக்கம் என்றன. ஒப்பந்தம் எங்கே என்று செய்தியாளர் வினவினர். எழுதிக் கையொப்பமிட்டது எதுவுமில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கிப் பேசிய நம்பிக்கையே போதும் என்பது விடை. பத்துத் திங்கள் கழித்து, 2022 ஜூன் 30 அன்று, பாக்-12-இன் தலையாய உறுப்பினரான தென் கலிபோர்னியா, யு.சி.எல்.ஏ. ஆகிய இரண்டையும் பிக் டென் தன்பால் ஈர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஓரிகனும் வாஷிங்டனும் அவ்வழியே சென்றன. ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்தன! பசிபிக் அலையில் கால் நனைப்பவர் அட்லாண்டிக் கரையினர் ஆனதைப் புவியியலார் பொறுப்பாராக. ஆக, காக்க வந்த தோழமையர் இருவரும் மூன்றாமவரின் ஆறு பிள்ளைகளைப் பகிர்ந்துகொண்டனர். வேறு நான்கு ‘பிக் 12’ என்னும் பிறிதோர் அமைப்புக்குச் சென்றன.

திருமறையின் மிக நீண்ட வசனம் எது என்று நம் மாணவரைக் கேட்டால், அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் என்பர். கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதிவைக்கவும் சாட்சிகளை வைக்கவும் பணிப்பது அது. ஒருவரையொருவர் நம்பும் மக்களுக்கும் அவ்வாணை உண்டு. எழுதச் சொல்வதை ஐயப்பாடு என்று கருதுவோர், எளியோனுக்கு எழுத்தைத் தவிர வேறு துணையில்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

எஞ்சி நின்றவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்னும் இரண்டே. பின்னதன் ஊராகிய புல்மன் கோதுமை வயல்கள் சூழ்ந்த சிற்றூர். ஊர்மக்கள் ஏறத்தாழ 33,000, ஆட்டரங்கின் இருக்கைகளும் ஏறத்தாழ அவ்வளவே. ஆட்ட நாளில் விடுதியும் உணவகமும் பிழைப்பது வெளியூரார் வருகையால்தான். எதிரணி இல்லையேல் அரங்கு மட்டுமா வெறுமையாகும்?

இம்முறை எழுத்து இருந்தது. 2023 டிசம்பரில் ‘மவுண்டன் வெஸ்ட்’ கூட்டமைப்போடு ஒப்பந்தம்: 2024 பருவத்தில் இருவருக்கும் ஆறாறு ஆட்டங்கள், பாக்-12 தரும் தொகை 1 கோடியே 40 லட்சம் டாலர். எம் உறுப்பினரை நீர் கவர்ந்தால் தலைக்கு 1 கோடி டாலரில் தொடங்கி ஏறும் தண்டம் என்றொரு விதியும் சேர்ந்தது. நீட்டிப்புப் பேச்சு முறிந்தது. 2024 செப்டம்பரில் பாக்-12, அதே மவுண்டன் வெஸ்டிலிருந்து ஐந்து கல்லூரிகளை அழைத்துக்கொண்டது. தண்டம் ஐந்தரைக் கோடி டாலர். அவ்விதியே செல்லாது, வேறு வழியில்லாத நிலையில் இசைந்தோம் என்று வழக்கும் தொடுத்தது.

வறியவனின் இக்கட்டறிந்து விதி வகுத்தவர்மீதும் குறையுண்டு. ஆயினும் இக்கட்டு ஒரு வாதமாகுமா? ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்படும்போதே விலங்கோடு தப்பி வந்த அபூஜந்தல் (ரலி) அவர்களை, ஒப்பிய சொல்லின்பொருட்டுத் திருப்பி அனுப்பினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அதனினும் பெரிய இக்கட்டு எது? கைவிடப்பட்டவர் கைவிடுவோராகக் கற்றுக்கொண்ட விரைவுதான் நமக்கு வியப்பளிக்கிறது.

புதியவர் வருகை 2026 ஜூலைக்கென வைக்கப்பட்டதால், இடையில் 2025 பருவம் ஒன்று நிரப்பப்படாமல் நின்றது. ஆள் போதாமையால் ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் அவ்வாண்டு நவம்பர் திங்களில் தமக்குள்ளேயே இருமுறை ஆடின: முதல் நாள் கார்வாலிஸ் நகரில், இருபத்தொன்பதாம் நாள் புல்மனில்.