கையொப்பம்

கையொப்பம் என்பது என்ன? ஒரு கோடு, ஒரு சுழி, அடியில் ஒரு புள்ளி! கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் காரியம். ஆயினும், அதனை இட மறுத்துத் தலை கொடுத்தவர் உண்டு. இட்டுவிட்டுத் தலை குனிந்தவரும் உண்டு. தலை கொடுத்தவரைப் பற்றி நாடகம் தீட்டி, மறு ஆண்டே தாம் தலை குனிய நேர்ந்தவர் ஒருவர். இராபர்ட் போல்ட் அவர் பெயர். ஆங்கில நாட்டு நாடக ஆசிரியர். அதற்கு முன்பு பள்ளி ஆசிரியர்!

மான்செஸ்டர் நகரையடுத்த சேல் என்னும் ஊரில், 1924-இல், கடைக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார், கசந்தது. பல்கலைக்கழகம் புகுந்தார், போர் அழைத்தது, படைக்குச் சென்றார். பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் விலகினார். பின்னர் ஆசிரியரானார். சிற்றூர்ப் பள்ளியொன்றில், பிள்ளைகள் நடிப்பதற்கென ஏசு பிறப்பு நாடகம் எழுதப் புகுந்தபோதுதான், தமக்குரிய தொழில் எதுவென்று உணர்ந்தார். சாமர்செட் பகுதியிலுள்ள மில்ஃபீல்டு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, வானொலிக்கு நாடகங்கள் எழுதினார். 1957-இல் 'ஃபிளவரிங் செர்ரி' இலண்டன் மேடையில் வெற்றி கண்டது. பள்ளியைவிட்டு வெளியேறினார்.

1960-இல் மேடையேறியது, அவருக்கு அழியாப் புகழ் தந்த 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்'. மன்னன் எட்டாம் ஹென்றி, மறுமணத்திற்காக மதத்தலைமையையே தன் கைக்குக் கொண்டுவருகிறான். நாடே ஆணையிட்டு ஒப்புகிறது. தாமஸ் மோர் மறுக்கிறார். பதவி போயிற்று, உரிமை போயிற்று, 1535-இல் தலையும் போயிற்று! மோர், மதத்தார் போற்றும் புனிதர். போல்ட்டோ மதப்பற்று இல்லாதவர். அவர் மோரிடம் கண்டது புனிதத்தையன்று. தன்னைத்தான் விற்க மறுத்த மனிதனை!

நாடகத்தின் தொடக்கத்தில், பதவி கேட்டு வரும் ரிச் என்னும் இளைஞனை, ஆசிரியப் பணிக்குப் போகுமாறு மோர் அறிவுறுத்துகிறார். இளைஞன் முகம் சுளிக்கிறான். பின்னாளில் பொய்ச் சாட்சி சொல்லி, அதே மோரைக் கொலைக்களத்துக்கு அனுப்புகிறான், பதவியும் பெறுகிறான். வகுப்பறையில் நின்றவர் எழுதிய காட்சியல்லவா அது!

1961 வந்தது. அணுகுண்டை எதிர்த்துக் கிளர்ச்சி. 89 வயது அறிஞர் பெர்ட்ரண்டு ரசலோடு போல்ட்டும் வழக்குமன்றத்தில் நின்றார். 'அமைதி காப்பேன்' என உறுதிப் பத்திரம் எழுதித் தர மறுத்தார். ஒரு மாதச் சிறை. அப்போது 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்திற்கு அவர் எழுதிக்கொண்டிருந்த உரையாடல் முடியவில்லை. தயாரிப்பாளர் சிறைக்கு விரைந்தார். படம் நிற்கும், பலர் பிழைப்புக் கெடும் என்று மன்றாடினார். போல்ட் ஒப்பமிட்டார், வெளியே வந்தார். அந்த ஒப்பத்திற்காகப் பின்னர் வருந்தினார்.

கேட்டோர் சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. நாமும் ஒப்பமிட்டவர்தாம்!

இளமையில் தனியார் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்தோம். பட்டியலில் ஒரு தொகை, கையில் அதில் பாதி. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய இடத்தில் ஒப்பமிட வேண்டும். உடன் பணியாற்றிய நண்பர் மறுத்தார். அன்றே வேலை இழந்தார். எவரும் நம்மை மிரட்டவில்லை. "தங்கைக்குத் திருமணம் வைத்திருக்கிறீர்கள், யோசியுங்கள்" என்று கனிவோடுதான் சொன்னார்கள். ஒப்பமிட்டோம். அன்று பிற்பகல், பத்தாம் வகுப்பில் 'வாய்மை' அதிகாரம் நடத்த வேண்டியிருந்தது. நடத்தினோம், குரல் கம்மிற்று.

வாள் காட்டி வருபவனை எதிர்ப்பது எளிது. அன்பு காட்டி, அடுத்தவர் பசி காட்டி வருபவரை எதிர்ப்பதன்றோ அரிது! போல்ட் இதனை அறியாதவரா? சிறையிலிருக்கும் மோரிடம் மனைவியும் மகளும் வந்து கெஞ்சும் காட்சியை எழுதியவரே அவர்தானே! அறிந்திருந்தும் வழுக்கினார். அதனால் அவர் எழுதியது பொய்யாகிவிடுமா? ஆகாது. ஏறமுடியாமற் போனவன் சொன்னாலும் மலையின் உயரம் உயரமே!

1966-இல் அந்நாடகம் படமாயிற்று. திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. 1979-இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சைப் பறித்தது. சொல்லை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டார். 1986-இல் 'தி மிஷன்' படம் அவர் எழுத்தில் வந்தது. 1995-இல் மறைந்தார்.

வேலை இழந்த நண்பர் பின்னர் தம் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தெரு வழியே போகும்போதெல்லாம், அவர் குரல் கேட்கும். அது ஒருநாளும் கம்மியதில்லை!