மழைச் சத்தம் கேட்டா மாமாவுக்கு ஏன் கோபம் வருது?

எங்க செவலைப் பசுவைக் கறக்குற நேரத்துல பக்கத்துல ஒரு வெடி வெடிச்சா போதும். காது விறைச்சுக்கும், மூத்திரம் போயிடும், பாலை அடக்கிக்கும். மடி நிறைய பால் இருக்கும், ஒரு சொட்டு இறங்காது. எங்கப்பா கன்னுக்குட்டியை அவிழ்த்து விட்டு, பசுவோட கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கிட்டு சும்மா நிப்பாரு. கொஞ்ச நேரத்துல சுரப்பு விடும்.

காரணம் அட்ரினலின். ஆபத்துன்னு மூளை சொன்னதும், சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்குற சுரப்பி அதை ரத்தத்துல கொட்டுது. பாலை இறக்குற ஆக்சிடோசினை அது வேலை செய்ய விடாது. மனுஷனுக்கும் அதே அட்ரினலின்தான். நெஞ்சு அடிச்சுக்கும், வாய் வறளும், வயித்துக்குப் போற ரத்தம் குறைஞ்சு கை காலுக்குப் பாயும். சண்டை போடு, இல்ல ஓடு. வால்டர் கேனன்னு ஒரு அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லயே இதை விளக்கிப் புத்தகம் போட்டுட்டாரு.

அக்கா வீடு தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ல. 2015 டிசம்பர் 1 காலையில இருந்து மறுநாள் காலைக்குள்ள தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. சிட்டியில எல்லாத்துக்கும் செம்பரம்பாக்கத்தையே சொல்லுவாங்க. முடிச்சூரை முழுக்கடிச்சது அந்தத் தண்ணி இல்லீங்க. அது அடையாத்துல வந்து சேருறதே இன்னும் கீழே, திருநீர்மலைப் பக்கம். இங்க வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிங்க நிரம்பி வழிஞ்ச தண்ணி. மாமா பிள்ளைங்களைத் தோள்ல தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஏறினாரு. திரும்பி இறங்கி நிறை சிலிண்டரை ஒத்தை ஆளா எப்படித் தூக்கினாருன்னு இன்னிக்கும் அவருக்கே தெரியல. அன்னிக்கு ராத்திரி உடம்பு செஞ்சது எல்லாம் சரிதான்.

சிக்கல் அதுக்கப்புறம். ஆபத்தோட சேர்ந்து வந்த சத்தத்தையும் மூளை முடிச்சுப் போட்டு வச்சுக்குது. ‘சும்மா தூறல்தான்’னு நாம யோசிக்கிறதுக்குள்ள உள்ளே மணி அடிச்சு முடிஞ்சிடும். ஐப்பசியில நாலு தூத்தல் போட்டாலே அக்காவுக்கு உள்ளங்கை வேர்க்குது, சோறு இறங்கல, எங்க ஊருக்குக் கிளம்பிடலாம்னு பையைக் கட்டுறா. மாமா ராத்திரி மூணு தடவை எழுந்து டார்ச் அடிச்சு தெருவைப் பாக்குறாரு. ஏன்னு கேட்டா எரிஞ்சு விழுவாரு. ஒரே சுரப்பு, அவளுக்கு ஓட்டம், அவருக்குச் சண்டை. பாவம், வாங்கிக் கட்டிக்கிறது பையன்தான்.

2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரைக் கொண்டுபோய் நிறுத்தினாங்களே, எத்தனை கிண்டல்! எனக்குச் சிரிப்பு வரல. ஒரு தடவை இன்ஜின்ல தண்ணி புகுந்து பாத்தவன் வேற என்ன செய்வான்?

‘பயப்படாதே’ன்னு சொல்றது எதுக்கும் உதவாது. மூச்சை மெதுவா, நீளமா வெளிய விட்டா நெஞ்சுத் துடிப்பு இறங்கும், அது நிஜம். தூக்கமே கெட்டுப் போச்சுன்னா 14416-க்குக் கூப்பிடலாம், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண்தான்.

போன மழைக்கு நான் அங்க இருந்தேன். மாமா டார்ச்சை எடுத்ததும் ஒண்ணும் சொல்லாம கூடவே தெருமுனை வரைக்கும் நடந்தேன். கணுக்கால் தண்ணி. “வடியுது மாமா”ன்னேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. வீட்டுக்கு வந்து டீ கேட்டாரு.