ஆர்டர் வந்துவிட்டதா?

ஆங்கிலத்திலே 'ஆர்டர்' என்றொரு சொல் உண்டு. கட்டளையைக் குறிக்கும் ஆர்டர் அன்று; அடங்காத பேரார்வத்தைக் குறிப்பது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. அதனால் நான் பட்ட பாட்டை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

வேதியியல் முதுகலை முடியும் தறுவாயில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால்தான் நான் தொடர்ந்து படிக்க முடியும். 'ஏன் ஆராய்ச்சி?' என்ற கேள்விக்கு, வேதியியல்மேல் எனக்குள்ள 'ஆர்டர்' என்று பெருமையோடு எழுதினேன். நேர்முகத்தில் முதிய பேராசிரியர் ஒருவர் அச்சொல்லின்மேல் விரலை வைத்து, "இதற்கு என்ன பொருள்?" என்றார். "விருப்பம்" என்றேன். "அப்படியானால் விருப்பம் என்றே எழுதியிருக்கலாமே!" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தனர். நான் தலைகுனிந்தேன்.

அன்று மாலையே நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். எரிதலைக் குறிக்கும் 'ஆர்தேரே' என்ற இலத்தீன் வினையில் பிறந்த சொல்லாம் அது. தீ வைக்கும் குற்றத்தைச் சொல்லும் 'ஆர்சன்' அதன் உடன்பிறப்பு. வடித்த சாராயத்துக்கு 'ஆர்டென்ட் ஸ்பிரிட்' என்ற பெயர் வந்ததும் அது தீப்பற்றுவதால்தான். பேரார்வத்துக்கு ஆங்கிலத்தில் 'ஃபெர்வர்' என்றும் ஒரு சொல் உண்டு. அது கொதித்தல் என்னும் வேரிலிருந்து வந்தது.

வேதியியல் மாணவனுக்கு எரிதலும் கொதித்தலும் ஒன்றாகுமா? நீர் கொதிப்பது அடியிலே அடுப்பு எரியும் வரைதான். தீயோ எரிபொருளும் காற்றும் உள்ளவரை தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். என்னிடம் இருப்பது எது? ஆசிரியர் புகழ்ந்தபோது கொதித்தேன். தோழர்கள் விண்ணப்பித்தபோதும் கொதித்தேன். ஆனால் சென்ற டிசம்பரில் வழிகாட்டி வெளியூர் போயிருந்த மூன்று வாரமும், கேட்பார் எவருமின்றி, வடநாட்டு விடியற்குளிரில் ஆய்வகத்துக்குப் போனேனே, அது என்ன?

இரவு அப்பாவிடம் தொலைபேசியில் பேசினேன். உறையூரில் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர் அவர். "அப்பா, இந்த ஆர்டருங்கிற வார்த்தை இருக்கே…" என்று தொடங்கினேன். அவ்வளவுதான்! "இந்தாம்மா, தம்பிக்கு ஆர்டர் வந்துடுச்சாம்!" என்று அம்மாவைக் கூவி அழைத்தார். வேலை உத்தரவு வந்துவிட்டதென்று எண்ணிவிட்டார். இல்லை என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை அடைத்தது.

சிறிது நேரம் பேசாமல் இருந்தவர் பிறகு சொன்னார்: "அப்போ அது நம்ம இஸ்திரிப் பெட்டி மாதிரிதான் தம்பி. கரி உள்ளே கனிஞ்சுகிட்டே இருக்கணும். பொறி வெளியே பறந்தா ஊரார் சட்டைதான் பொசுங்கும்."

எரிவதற்கு எரிபொருள் வேண்டுமென்று படித்தவன் நான். ஐந்து ஆண்டுகளாக எனக்குக் கரி போட்டவர் யார் என்பதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

அந்த நேர்முகத்தின் பட்டியலில் என் பெயர் இல்லை. வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். இம்முறை அந்தச் சொல் இல்லை. அந்த மூன்று வாரத்தில் என்ன செய்தேன், எது தவறிற்று, எதை மீண்டும் செய்து பார்த்தேன் என்று மட்டும் எழுதினேன். ஒரு பக்கம் வந்தது.

"ஆர்டர் வந்தா முதல்ல எனக்குச் சொல்லு" என்கிறார் அப்பா. சொல்வேன்.