ஜாம் புட்டியில் கிடைத்த பெயர்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் பேசும் ஆந்தையைப் பற்றி ஒரு கதை வந்தது. எழுதியவர் பெயர் 'கதிரவன்' என்றிருந்தது. "யாரம்மா இந்தக் கதிரவன்? உங்களில் யாருடைய அண்ணன்?" என்று தமிழாசிரியை கேட்டார்கள். நாங்கள் வாய் திறக்கவில்லை. கதையை எழுதியவளோ மூன்றாவது பெஞ்சில் தலை குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

அவள் மனோதத்துவம் படிக்க ஆசைப்படுகிறவள். மாயக்கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்ற அச்சம் அவளுக்கு.

விஷயம் எப்படியோ நூலகச் சிஸ்டர் காதுக்கு எட்டியது. திட்டு விழும் என்று நடுங்கிக்கொண்டு போனோம். சிஸ்டரோ எங்களை உட்கார வைத்து, ஆலிஸ் ஷெல்டன் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிச் சொன்னார்கள்.

ஆலிஸ் 1915-இல் சிகாகோவில் பிறந்தவர். தாயார் மேரி ஹேஸ்டிங்ஸ் பிராட்லி ஓர் எழுத்தாளர். ஆறு வயதிலேயே பெற்றோருடன் ஆப்பிரிக்கக் காடுகளுக்குப் போய்வந்தார் ஆலிஸ். (எங்களுக்கு ஆறு வயதில் கிடைத்தது வண்டலூர்!) 'வியர்ட் டேல்ஸ்' என்ற மாயக்கதைப் பத்திரிகை சிறு வயதிலேயே கைக்கு வர, அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆனால் வாழ்க்கை வேறு வழியில் இழுத்துப்போயிற்று. போர்க்காலத்தில் ராணுவத்தில் சேர்ந்து, விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்தார். பிறகு நடுவயதில் மீண்டும் மாணவியாகி, 1967-இல் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பழகிய இடத்திலும் பழகாத இடத்திலும் விலங்குகள் புதுப் பொருளைக் கண்டால் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி. விடுதிக்கு வந்த முதல் நாள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்திருந்தால் அவருக்கு ஆராய்ச்சி எளிதாக முடிந்திருக்கும்.

பட்டம் கைக்கு வரும் வேளையில்தான் அவர் கதை எழுதத் தொடங்கினார். சொந்தப் பெயர் போட மனமில்லை. கடையில் டிப்ட்ரீ என்ற ஜாம் புட்டி கண்ணில் பட்டது. ஜேம்ஸ் டிப்ட்ரீ என்று வைத்துக்கொண்டார். 'ஜூனியர்' என்பதைக் கணவர் சேர்த்தார். 1968 முதல் கதைகள் அச்சேறின, பரிசுகளும் குவிந்தன. இந்த எழுத்து ஆணுக்கே உரியது என்று 1975-இல் பெரிய எழுத்தாளர் ஒருவர் முன்னுரையே எழுதிவிட்டார்! 1976-இல் தாயார் இறந்தபோது, பத்திரிகையில் வந்த மரணச் செய்தியை வைத்து வாசகர்கள் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தாயை இழந்த துக்கத்தோடு, ஒளிந்திருந்த இடமும் அல்லவா போயிற்று?

அதே 1976-இல் வெளியான அவருடைய கதை ஒன்றில் மனோதத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவர் வருகிறார். சோதனை எலிகளைத் துன்புறுத்த அவருக்கு மனம் வராது. ஓர் இரவு ஆய்வுக்கூடத்தில் எலிகளின் அரசன் அவர்முன் தோன்றுகிறான். முடிவில் அந்த இளகிய மனம் எலிகளோடு போய்விட, மறுநாள் கல்நெஞ்சராக வேலைக்குக் கிளம்புகிறார். இந்த முடிவு எங்களில் பாதிப் பேருக்குப் பிடிக்கவேயில்லை. ஆந்தைக் கதைக்காரி மட்டும் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். "ஆய்வுக்கூடத்தில் நின்றவருக்குத்தானே இப்படி எழுத வரும்? அவர் எதற்காகப் பெயரை மறைத்தார்?" என்று பிறகு கேட்டாள்.

"நீ எதற்காக மறைத்தாய்?" என்றார்கள் சிஸ்டர்.

இந்த மலருக்கும் அவள் ஒரு கதை கொடுத்திருக்கிறாள். இம்முறை பேசுவது ஓணான். அடியில் யார் பெயரைப் போடுவது என்று, நாங்கள் இதை எழுதும்வரை அவள் சொல்லவில்லை. அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.